60 வாட் பல்பு கணக்கில் 814 வாட் ஆனது ஏன்? மின்னழுத்தம், மின்னோட்டத்திலிருந்து மின்தடையும் மின்திறனும்

கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. 230 வோல்ட் இணைப்பில் ஓர் இஸ்திரிப்பெட்டி 4.35 ஆம்பியர் மின்னோட்டம் எடுத்தால் அதன் மின்தடையும் மின்திறனும் எவ்வளவு என்பது முதல் பகுதி. இரண்டாவது பகுதியில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தபோது 65 ஓம் காட்டியது, அந்த மின்தடையை வைத்து 230 வோல்ட்டுக்குக் கணக்கிட்டால் 814 வாட் வருகிறது, சூத்திரம் தவறா, மீட்டர் தவறா என்று கேட்கப்பட்டுள்ளது. சூத்திரமும் சரி, மீட்டரும் சரி. ஒரு நிலையில் அளந்த எண்ணையும் வேறொரு நிலைக்குரிய எண்ணையும் ஒரே கணக்கில் சேர்த்ததே தவறு. மின்தடைக் கணக்கில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை வகுத்தலிலோ பெருக்கலிலோ நேர்வதில்லை. எந்த மின்னழுத்தம், எந்த மின்னோட்டம், அவை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எடுத்தவையா என்று பார்க்காததால்தான் நேர்கின்றன. எனவே சூத்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இந்தப் பொருத்தத்தை விரிவாகப் பார்க்கிறேன்.

ஒரு வோல்ட் என்பது ஒரு கூலூம் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் ஆற்றல். ஓர் ஆம்பியர் என்பது வினாடிக்கு ஒரு கூலூம். ஆகவே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை ஜூல் என்ற அளவு கிடைக்கிறது. அதற்குத்தான் வாட் என்று பெயர். இதைப் புரிந்துகொண்டவருக்கு மின்திறன் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை. மின்தடை என்பது ஒரு பொருளின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்துக்கும் அதன் வழியே செல்லும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம். ஓர் ஆம்பியரைச் செலுத்த ஒரு வோல்ட் தேவைப்பட்டால் அது ஓர் ஓம்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இஸ்திரிப்பெட்டிக்கு, 230 ÷ 4.35 = 52.9 ஓம், 230 × 4.35 = ஏறத்தாழ 1000 வாட். முதல் பகுதிக்கு விடை இவ்வளவுதான். மில்லிஆம்பியரில் அளந்திருந்தால் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும்: வோல்ட்டை மில்லிஆம்பியரால் வகுத்தால் விடை கிலோஓமில் வரும், பெருக்கினால் மில்லிவாட்டில் வரும். தேர்வுத்தாள்களில் ஆயிரம் மடங்கு தவறிய விடைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

இவ்விரண்டு சூத்திரங்களையும் இணைத்தால் மின்திறனுக்கு இன்னும் இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குவது ஒன்று. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுப்பது மற்றொன்று. மூன்றும் ஒரே விடையைத் தர வேண்டும் என்பதால் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பாடநூல்கள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நடைமுறையில், எது மாறாமல் இருக்கிறதோ அதைக் கொண்ட வடிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் 190 வோல்ட்டாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இஸ்திரிப்பெட்டி இப்போது எத்தனை வாட் எடுக்கும்? 190ஐ 4.35ஆல் பெருக்கி 826 வாட் என்று எழுதுபவர்கள் உண்டு. 1000 வாட் மாறாது, மின்னோட்டம்தான் 5.26 ஆம்பியராக உயரும் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. மாறாமல் இருப்பது அந்த நிக்ரோம் கம்பியின் மின்தடை. ஆகவே மின்னோட்டம் 190 ÷ 52.9 = 3.59 ஆம்பியராகக் குறைகிறது. மின்திறன் 682 வாட்டாகிறது. மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்தது, வெப்பமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சாதனத்தின் மேல் அச்சிடப்பட்டுள்ள வாட் எண் அங்கே குறிக்கப்பட்டுள்ள மின்னழுத்தத்துக்கு மட்டும் உரியது என்பதை எப்போதும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிக்ரோமைப் பற்றி மாறாத மின்தடை என்று துணிந்து சொன்னதற்குக் காரணம் உண்டு. நிக்கலும் குரோமியமும் கலந்த அந்த உலோகக்கலவை செந்நிறமாகச் சூடேறினாலும் அதன் மின்தடை ஒரு சில விழுக்காடு மட்டுமே கூடுகிறது. ஆகவே ஆறிய இஸ்திரிப்பெட்டியை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் ஏறத்தாழ 50 ஓம் காட்டும். கணக்கும் அளவும் நெருங்கி நிற்கும். குண்டு பல்பின் மின்னிழையோ டங்ஸ்டன். அது ஒளிரும்போது 2500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது; அந்த வெப்பநிலையில் டங்ஸ்டனின் மின்தடை அறை வெப்பநிலையில் இருப்பதைப்போல் சுமார் பதினான்கு மடங்கு. 60 வாட் பல்பு 230 வோல்ட்டில் 0.26 ஆம்பியர் எடுக்கிறது. அப்போது அதன் மின்தடை 882 ஓம். 882ஐப் பதினான்கால் வகுத்தால் 63 ஓம். கேள்வி கேட்டவரின் மல்டிமீட்டர் காட்டிய 65 ஓம் இதுதான். மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி அளப்பதால் இழை குளிர்ந்தே இருக்கிறது; எனவே குளிர்ந்த இழையின் மின்தடையை அது துல்லியமாகவே சொல்லியிருக்கிறது.

அப்படியானால் 814 வாட் என்ற விடைக்குப் பொருளே இல்லையா என்றால், உண்டு. சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் இழை குளிர்ந்திருக்கிறது; 230ஐ 65ஆல் வகுத்தால் வரும் 3.5 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்கிறது. வினாடியின் மிகச் சிறிய பகுதிக்குள் இழை சூடாகி மின்தடை உயர்ந்து, மின்னோட்டம் 0.26 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிடச் சுவிட்ச் போடும்போது பட்டென்று போவது அதிகம் என்பதற்கு இந்தத் தொடக்க மின்னோட்டமே காரணம். தேய்ந்து மெலிந்த இடத்தில் அந்த அதிர்ச்சியை இழையால் தாங்க முடிவதில்லை. அதே பல்புக்குப் பாதி மின்னழுத்தத்தை, அதாவது 115 வோல்ட்டைக் கொடுத்தால் மின்னோட்டம் பாதியாவதில்லை. இழை குளிர்ச்சியாக இருப்பதால் அதன் மின்தடை குறைந்து, மின்னோட்டம் சுமார் மூன்றில் இரண்டு பங்காக நிற்கிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுப்பது எந்த நிலையிலும் ஒரு மின்தடையைத் தரும். அந்த மின்தடையை வேறு நிலைக்கு எடுத்துச் செல்லலாமா என்பதே ஓம் விதி பொருந்துகிறதா என்ற கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் குழப்பம் வருகிறது.

ஓம் விதியைக் கண்டறிந்த கியோர்க் சைமன் ஓமுக்கே நிலை மாறிக்கொண்டிருப்பது பெரிய தடையாக இருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர் 1825இல் மின்கலத்தைக் கொண்டு செய்த முதல் சோதனைகளில், மின்னோட்டம் எடுக்க எடுக்க மின்கலத்தின் மின்னழுத்தமே தளர்ந்துகொண்டிருந்ததால் ஒழுங்கான விதி கிடைக்கவில்லை. பொக்கண்டார்ஃப் என்ற இயற்பியலாளர் கூறிய யோசனைப்படி, சீபெக் என்பவர் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்திருந்த வெப்ப மின்னிணையை (இரு உலோகங்களின் சந்திகளுக்கு இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) மின்கலத்துக்குப் பதிலாக ஓம் பயன்படுத்தினார். ஒரு சந்தி கொதிநீரிலும் மற்றொன்று பனிக்கட்டியிலும் இருக்கும்வரை அந்த இணையின் மின்னழுத்தம் மாறாது. அதன் பிறகே வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளை ஒப்பிட அவரால் முடிந்தது. முடிவுகளை 1827இல் நூலாக வெளியிட்டார். ஜெர்மனியில் பெரிய வரவேற்பு இல்லை. 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது. அதே ஆண்டில்தான், கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் மின்தடைக்கும் ஏற்ப அமைகிறது என்ற, ஜூல் என்னும் ஆங்கிலேய இயற்பியலாளரின் கட்டுரையும் வெளிவந்தது.

இனி, மின்னழுத்தத்தை எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பி மீட்டருக்கு 0.0172 ஓம் மின்தடை கொண்டது. மெயின் போர்டிலிருந்து 20 மீட்டர் தொலைவில் உள்ள சாதனத்துக்குப் போக்கும் வரவுமாக 40 மீட்டர் கம்பி தேவைப்படுகிறது. அதன் மின்தடை 0.69 ஓம். 10 ஆம்பியர் பாயும்போது கம்பியிலேயே 6.9 வோல்ட் இழக்கப்படுகிறது. போர்டில் 230 வோல்ட் அளந்து, அதை 10 ஆம்பியரால் வகுத்து 23 ஓம் என்று எழுதினால், அது சாதனத்தின் மின்தடை அன்று. சாதனமும் கம்பியும் சேர்ந்த மின்தடை. சாதனத்தின் முனைகளில் இருப்பது 223.1 வோல்ட், அதன் மின்தடை 22.3 ஓம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கும் வடிவம் இத்தகைய இடத்துக்கே உரியது: 10 × 10 × 0.69 = 69 வாட் சுவருக்குள் வெப்பமாகிறது. பளுவைக் கூட்டி 20 ஆம்பியர் எடுத்தால் அது இரு மடங்காகாமல் நான்கு மடங்காகி 276 வாட்டாகிவிடும். மெல்லிய ஒயரில் பெரிய ஹீட்டரை மாட்டக் கூடாது என்று எலக்ட்ரீஷியன்கள் வற்புறுத்துவது இந்த வர்க்கத்தால்தான். இதில் கம்பியின் மின்தடையால் 230 வோல்ட்டின் வர்க்கத்தை வகுத்து மின்திறன் கண்டால் பொருளற்ற பெரிய எண் வரும். அந்த 230 வோல்ட் கம்பியின் இரு முனைகளுக்கு இடையே இல்லை.

சிறிய மின்தடைகளில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். இருசக்கர வண்டியின் 12 வோல்ட், 35 வாட் முகப்பு விளக்கு 2.92 ஆம்பியர் எடுக்கிறது. எரியும்போது அதன் மின்தடை 4.1 ஓம், குளிர்ந்திருக்கும்போது ஓர் ஓமுக்கும் குறைவு. மல்டிமீட்டரின் இரு ஒயர்களையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டுவது வழக்கம் என்பதால், ஓம் பகுதியில் வைத்து இதை அளப்பது நம்பத்தக்கதன்று. இங்கேதான் மின்னழுத்தமும் மின்னோட்டமும் தனித்தனியே அளந்து வகுக்கும் முறை மேலோங்குகிறது. மின்னோட்டத்தை ஒரு சோடி ஒயர்கள் வழியே செலுத்தி, விளக்கின் முனைகளையே நேரடியாகத் தொடும் வேறொரு சோடி ஒயர்களால் மின்னழுத்தத்தை அளந்தால், ஒயர்களின் மின்தடை கணக்கில் நுழைவதில்லை.

பெரிய மின்தடைகளில் சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. கல்லூரி ஆய்வகங்களில் உள்ள முள் வகை வோல்ட்மீட்டர் ஒன்றின் உள்மின்தடை 10 கிலோஓம் என்று கொள்வோம். அதை 10 கிலோஓம் மின்தடைக்கு இணையாக மாட்டி 10 வோல்ட் கொடுத்தால், மின்தடை வழியே ஒரு மில்லிஆம்பியர், வோல்ட்மீட்டர் வழியே இன்னொரு மில்லிஆம்பியர் பாயும். வெளியே உள்ள அம்மீட்டர் 2 மில்லிஆம்பியர் காட்டும். மாணவர் 5 கிலோஓம் என்று எழுதுவார். அம்மீட்டரையும் மின்தடையையும் சேர்த்து அவற்றின் குறுக்கே வோல்ட்மீட்டரை மாட்டினால் இந்தப் பிழை நீங்கும், ஆனால் அம்மீட்டரின் சிறு மின்தடை விடையில் சேரும். சிறிய மின்தடைக்கு முதல் இணைப்பு, பெரிய மின்தடைக்கு இரண்டாவது இணைப்பு என்பதே இதன் முடிவு. பெரும்பாலான டிஜிட்டல் மல்டிமீட்டர்களின் உள்மின்தடை 10 மெகாஓம் என்பதால் இன்று இந்தப் பிழை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

மின்னணுவியலில் இறங்குபவர்களுக்காக எல்இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12 வோல்ட்டில் ஒரு வெள்ளை எல்இடியை 20 மில்லிஆம்பியரில் எரிய வைக்கத் தொடரில் எவ்வளவு மின்தடை வேண்டும் என்றால், 12ஐ 0.02ஆல் வகுத்து 600 ஓம் என்று சொல்லக் கூடாது. எல்இடி தனக்கென்று ஏறத்தாழ 3.2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. மின்தடையின் பங்குக்கு வருவது 8.8 வோல்ட் மட்டுமே. 8.8 ÷ 0.02 = 440 ஓம்; கடையில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 470 ஓம். அதில் வெப்பமாகும் திறன் 8.8 × 8.8 ÷ 470 = 0.165 வாட், ஆகவே கால் வாட் மின்தடை போதும், அரை வாட் இருந்தால் இன்னும் நல்லது. எல்இடியின் மின்னழுத்தத்தை அதன் மின்னோட்டத்தால் வகுத்து 160 ஓம் என்று ஒரு மதிப்பைப் பெற முடியும் என்றாலும், மின்னோட்டம் சற்று மாறினாலே அதுவும் மாறிவிடும் என்பதால் அந்த எண்ணை வைத்து எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னவை நேர்திசை மின்னோட்டத்துக்கும், மாறுதிசை மின்னோட்டத்தில் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, குண்டு பல்பு போன்ற வெறும் மின்தடைகளுக்கும் பொருந்தும். நம் வீட்டு 230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் மதிப்பு. அலையின் உச்சம் 325 வோல்ட் வரை செல்கிறது. ஒரு மின்தடையில் அதே வெப்பத்தைத் தரும் நேர்திசை மின்னழுத்தம் எதுவோ அதுவே ஆர்எம்எஸ் மதிப்பு என்று வரையறுத்திருப்பதால் மேலே உள்ள கணக்குகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மோட்டார் வந்தவுடன் நிலைமை வேறாகிறது. வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு எச்பி மோட்டார் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கிறது என்றால், பெருக்கி வரும் 1495 என்பது வாட் அன்று, வோல்ட்-ஆம்பியர். சுருளில் உண்டாகும் காந்தப்புலம் ஆற்றலை ஒவ்வொரு அலையிலும் வாங்கித் திருப்பித் தருவதால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்குகிறது. உண்மையில் செலவாகும் திறனைப் பெற அந்த எண்ணைத் திறன் காரணியால் (உண்மையான வாட்டுக்கும் வோல்ட்-ஆம்பியருக்கும் உள்ள விகிதம்) பெருக்க வேண்டும். திறன் காரணி 0.8 என்றால் 1196 வாட். அதேபோல 230ஐ 6.5ஆல் வகுத்தால் வரும் 35.4 ஓம் மின்தடை அன்று, இம்பீடன்ஸ் எனப்படும் மொத்த எதிர்ப்பு. அந்தச் சுருளை மல்டிமீட்டரில் அளந்தால் சில ஓம் மட்டுமே காட்டும். அதைப் பார்த்து மோட்டார் ஷார்ட் ஆகிவிட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது. மோட்டார் சுழலாமல் சிக்கிக்கொண்டால் மின்னோட்டம் பல மடங்கு உயர்ந்து சுருள் கருகுவதும் உண்டு. மாறாத மின்தடை என்ற கருத்தை மோட்டாருக்குப் பொருத்தவே முடியாது.

வீட்டு இணைப்பில் மின்னோட்டத்தை அளக்க மல்டிமீட்டரை இடையில் மாட்டும் முயற்சியில் இறங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். ஆம்பியர் துளையில் ஒயர் செருகியபடியே மறந்து சாக்கெட்டில் மின்னழுத்தம் பார்க்க வைத்தால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். மலிவான மீட்டர்கள் கையிலேயே வெடிக்கக்கூடும். ஒயரைச் சுற்றிக் கவ்வி, இணைப்பைத் துண்டிக்காமலே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரே இதற்கு உரிய கருவி. அதன் தாடைக்குள் ஃபேஸ் அல்லது நியூட்ரல், ஏதேனும் ஒரு ஒயர் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் எதிரெதிர் மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிப் பூச்சியம் காட்டும்.

எந்த ஒயரையும் தொடாமல் உண்மையான வாட்டை அறிய வீட்டு மின்மீட்டரே போதும். அதன் முகப்பில், ஒரு யூனிட்டுக்கு அதிலுள்ள சிவப்பு விளக்கு எத்தனை முறை சிமிட்டும் என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண்களில் ஒன்று. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், எனவே ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டியதும் நேரத்தைத் தொடங்கி, அதன்பின் 20 சிமிட்டல்களுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 18.8 வினாடி ஆனால், 22500 ஜூலை 18.8ஆல் வகுக்க 1197 வாட். இதைக் கிளாம்ப் மீட்டர் வழியே பெற்ற 1495 வோல்ட்-ஆம்பியரால் வகுத்தால் 0.80 என்று மோட்டாரின் திறன் காரணியே கையில் கிடைத்துவிடுகிறது. இஸ்திரிப்பெட்டியை இதே முறையில் சோதித்தால் 20 சிமிட்டல்களுக்கு ஏறத்தாழ 22.5 வினாடி ஆகும், 230ஐயும் 4.35ஐயும் பெருக்கிப் பெற்ற 1000 வாட்டோடு அது பொருந்தும். தெர்மோஸ்டாட் இடையில் மின்சாரத்தைத் துண்டித்துவிடாமல், பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் எண்ண வேண்டும்.